ஆரத்திக் கறை

பயப்படாதீர்கள் அம்மா, இது இரத்தம் அன்று. ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீர், அவ்வளவுதான். உட்காருங்கள். என் குடையை எடுத்துக்கொள்கிறேன். அப்படி நுனியில் உட்கார வேண்டிய தேவையே இல்லை. காய்ந்துவிட்டது, உங்கள் சேலையில் ஒட்டாது. சந்தன நிறப் பட்டில் மடியிலிருந்து முழங்கால் வரை இப்படிச் சிவந்திருந்தால் யாரும் அஞ்சத்தான் செய்வார்கள். புளியங்குடிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் ஓடி வந்து என் காதோரம், "யக்கா, நீங்க பின்னால வாங்க, நான் முன்னால மறைச்சுட்டு நடக்கேன்" என்றாள். நல்ல பெண். ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பேச்சை ஒருத்தி என்னிடம் பேசிவிட்டாள். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று அவளுக்கு விளங்கியிருக்காது. உங்களுக்கும் விளங்காது. சொல்கிறேன். தென்காசி போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கிறது. உங்களுக்கும் வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை.

என் பெயர் செண்பகவடிவு. அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். இன்று காலை என் தம்பி மகளுக்குச் சடங்கு. தம்பி சங்கரலிங்கம், அவன் மகள் இனியா, பதின்மூன்று வயது. எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்: பெண் ஆளானால் தாய்மாமன் சீர் கொண்டுவருவான், அத்தை ஆரத்தி சுற்றி, அதே நீரைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைப்பாள். அத்தை வைப்பதுதான் முதல் பொட்டு. அதன் பிறகுதான் மற்றவர்கள். இனியாவுக்கு நான் ஒருத்திதான் அத்தை. தம்பிக்கு வேறு சகோதரி இல்லை. இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை.

மூன்று நாள்களுக்கு முன் அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"யக்கா, நீ கண்டிப்பா வந்துரணும். முன் வரிசையில ஒனக்கு நாற்காலி போட்டுருக்கேன்."

"நாற்காலி எனக்கு எதற்கு? என் இடம் மேடை."

"அதான் யக்கா... மேடைக்கு மட்டும் வராண்டாம். எங்க அத்தை ஒரு மாதிரி நெனைக்காவ."

அவன் அத்தை என்றது அவனுடைய மாமியாரை. சண்முகத்தாய் என்று பெயர்.

"எந்த மாதிரி நினைக்கிறார்?"

"ஒனக்குத் தெரியாததா யக்கா" என்றான்.

எனக்குத் தெரியும். நான் ஆளானதே இல்லை. செய்தி அதுதான். தம்பி தன் மனைவியிடம் சொன்னான். மனைவி தன் தாயிடம் சொன்னாள். தாய் என்னிடமிருந்து ஆரத்தித் தட்டைப் பிடுங்கப் பார்த்தாள். இது நடந்த வரிசை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. உயரமாக வளர்ந்தேன், மார்பு வளர்ந்தது, முகத்தில் ஒரு பரு கிடையாது. மாதவிலக்கு மட்டும் வரவில்லை. என்னுடன் படித்த பெண்களுக்கெல்லாம் சடங்கு முடிந்து, இரண்டு பேருக்குத் திருமணமும் முடிந்திருந்தது. என் அம்மா ஆவுடையம்மாள் எனக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்தாள். பப்பாளிக்காயை வேகவைத்துக் கொடுத்தாள். நானும் தின்றேன். எடை கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. தெருவில் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். எண்ணைச் சொல்லி மனிதரை ஏசும் பெயர்; அது என் வாயால் வராது. இல்லையம்மா, நான் திருநங்கை அல்லேன். அவர்கள் வழி வேறு, என் பிறப்பு வேறு. ஏசுகிறவர்களுக்கு அந்த வேறுபாடெல்லாம் எதற்கு? இருவருக்கும் ஒரே கல்லைத்தான் எடுப்பார்கள்.

அப்பாவின் மூத்த சகோதரி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் சொன்னார்:

"ஏ ஆவுடை, வார வெள்ளிக்கெழம நாங்க நாலு பொம்பளையா வாரோம். பிள்ளய ஒரு தடவ முழுசாப் பாத்துட்டோம்னா ஊருக்கு ஒரு பதில் சொல்லிரலாம்லா. ஆம்பளைக்குத் தெரியாண்டாம்."

நான் அடுத்த அறையில் இருந்தேன். "முழுசா" என்ற சொல்லை அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பது இன்றும் காதில் இருக்கிறது. அம்மா மறுத்து ஒரு சொல் பேசினாளா? பேசவில்லை. "வாங்க மயினி, காப்பி குடிங்க" என்றாள். எனக்கு அப்போதும் ஒருவரும் துணை நிற்கவில்லை, இன்றும் நிற்கவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் நான் ஆளானேன்.

ஆம், அம்மா ஆளாக்கினாள். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் என்னை அழைத்துப் போனாள். ஒரு கிண்ணத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கெட்டியாகக் கரைத்து வைத்திருந்தாள். என் பாவாடையை அவிழ்க்கச் சொல்லி, அதில் பூசினாள். "வாயத் தொறக்காத. யாரு என்ன கேட்டாலும் தலையக் குனிஞ்சுக்கோ" என்றாள். பிறகு முற்றத்தில் நின்று குலவை போட்டாள் பாருங்கள், மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். மதியத்துக்குள் பச்சை ஓலையில் குச்சு கட்டி என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். பதினாறு நாள்கள். தனித் தட்டு, தனிச் செம்பு, தனிப் பாய். நடக்காத ஒன்றுக்குப் பதினாறு நாள்கள் சிறை. ஓலை இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் மானத்துக்காக. எனக்காக இல்லை.

வெள்ளிக்கிழமையா? அந்த நான்கு பெண்களும் வந்தார்களா என்று கேட்கிறீர்கள். வந்தார்கள். வந்து என்ன செய்ய முடியும்? குச்சுக்குள் இருக்கிற பெண்ணுக்குத் தீட்டு. பதினாறு நாள் முடியும் வரை யாரும் தொடக்கூடாது. அப்புறம்தான் ஊரே சாட்சியாயிற்றே, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வாசலில் நின்று களியைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அம்மா செய்த பொய்யைப் பற்றி.

அந்தப் பொய்யில் ஒரு பெரிய பிழை இருந்தது. ஊருக்குத் துணி வெளுக்கிற மாடத்தி என்று ஒருத்தி. பெண் ஆளானால் அந்தத் துணியை அவள்தான் வந்து எடுத்துப் போக வேண்டும்; வெளுத்த மாற்றுத் துணியை அவள்தான் கொண்டுவந்து தர வேண்டும். அவள் துணியை எடுத்துவிட்டாள் என்றால் ஊருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். அம்மா அவளைப் பற்றி யோசிக்கவில்லை. இரத்தம் தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும். மஞ்சள் அப்படிப் போகாது. சவுக்காரம் பட்டால் இன்னும் சிவக்கும். மருந்தாளுநர் படிப்பில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

மாடத்தி வந்தாள். துணியைக் கையில் எடுத்தாள். மூக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். மூட்டையில் வைத்துக் கட்டினாள். மறுநாள் வெள்ளை வெளேரென்று மாற்றுத் துணியோடு வந்து, அந்த நான்கு பெண்களும் வாசலில் நிற்கும்போதே, "எங்க செம்பகம் நல்லபடியா ஆளாயிருக்கா, தாயி. நூறு வயசு இருப்பா" என்று சத்தமாகச் சொன்னாள். கவனிக்காமல் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இன்று காலை வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வயதில் மூத்தவளைப் பேர் சொல்லி அழைக்கிறேனா? அவளுக்கு எழுபத்தைந்து இருக்கும். எங்கள் ஊரில் எல்லோரும் அவளை அப்படித்தான் அழைப்பார்கள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே அப்படித்தான். நீங்கள் கதையைக் கேளுங்கள்.

இருபது வயதில் நான் தனியாகப் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சோதித்துக்கொண்டேன். கருப்பை பிறவியிலேயே இல்லை என்றார்கள். என் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஆண்களுக்கு இருக்க வேண்டிய எக்ஸ் ஒய் குரோமோசோம் இருக்கிறதாம். ஆண்களுக்குரிய சுரப்பு ஊறுகிறதாம். ஆனால் என் உடல் அதை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டதாம். தாயின் வயிற்றிலேயே மறுத்துவிட்டது. என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இப்போது இதற்கு ஊடுபால் என்று ஒரு சொல் இருக்கிறது. அப்போது ஒரு சொல்லும் இல்லை. ஒரு மருத்துவர், "அறுவை செய்து சரிசெய்துவிடலாம்" என்றார். "எது சரியாக இல்லை?" என்று கேட்டேன். "இல்லை, நாளை திருமணம் என்று வந்தால்..." என்று இழுத்தார். "அப்படியானால் அது என்னைச் சரிசெய்வது இல்லையே ஐயா, இன்னும் வராத ஒருவருக்கு வசதி செய்வதுதானே?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் பெண். பெண்ணாகப் பிறந்தேன், பெண்ணாக வளர்ந்தேன். கருப்பையைக் காட்டினால்தான் நுழைவு என்று யாரும் வாசலில் நிற்க முடியாது.

வீட்டில் சொன்னேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா, "வெளிய சொல்லாத" என்றாள். வேறென்ன சொல்வாள்? பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஜாதகத்தில் தோஷம் என்பாள். படிப்பு முடியட்டும் என்பாள். ஒரு முறை எனக்கு முன்கோபம், மாமியாரை அடித்துவிடுவேன் என்றே சொல்லிவிட்டாள். என்னை நாலு பேர் முன்னால் காட்டக்கூட அவளுக்கு வெட்கம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனாள். அந்தக் கிண்ணத்தைப் பற்றி நானும் அவளிடம் பேசவில்லை, அவளும் பேசவில்லை. எந்தத் திருமண வீட்டிலும் ஆரத்தித் தட்டு வந்தால் எழுந்து போய்விடுவேன்.

பிறகு ஏன் இன்று அந்தத் தட்டுக்காகப் போனேன் என்று நீங்கள் கேட்கலாம். அது என் தட்டு. பிடிக்காத சொத்தை நானாக விட்டுக்கொடுப்பது வேறு. ஒருவர் பிடுங்கிக்கொள்வது வேறு.

காலையில் போனேன். முன் வரிசை நாற்காலியில் என் பையை உட்கார வைத்துவிட்டு நேராக மேடைக்கு ஏறினேன். இனியா பச்சைப் பட்டு உடுத்தி, நெற்றிச்சுட்டியெல்லாம் கட்டிக்கொண்டு நின்றாள். பெரிய ஒப்பனை. பாதி முகம் அவளுடையதாக இல்லை. என்னைப் பார்த்ததும் மீதி முகம் சிரித்தது. தட்டைக் கையில் எடுத்தேன். உடனே சண்முகத்தாய் குறுக்கே வந்தார்.

"நில்லுங்க. அத வச்சிருங்க. ஆளாகாத கை எம் பேத்தி மேல படப்பிடாது."

வாழ்த்துப் பாடுவதற்காக வைத்திருந்த ஒலிவாங்கி அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் முழுவதும் கேட்டது. படம் பிடிக்கிறவர்கூடக் கருவியைக் கீழே இறக்கிவிட்டார். நானூறு பேர். என் தம்பி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

அப்போது மேடைக்குக் கீழே மாற்றுத் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த மாடத்தி எழுந்தாள். எழுந்து நிற்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"யாரு சொன்னா ஆளாகலன்னு? ஏம்மா சம்மந்தியம்மா, நீ அன்னைக்கு இந்த ஊர்லயா இருந்த? இந்தப் பிள்ள துணிய எடுத்தவ நான். இந்தக் கையால தொவச்சுருக்கேன். நான் சாச்சி. நான் உசுரோட நிக்கும்போது வேற எவ வந்து சொல்லணும்?"

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அந்த விஷயத்தில் அவள் வாக்குக்கு மேல் வாக்கு இல்லை. பின் வரிசையில் ஒரு கிழவி, "அதானே!" என்றாள். சண்முகத்தாய் ஓரடி பின்னால் நகர்ந்தார். தம்பிக்கு முகத்தில் உயிர் வந்தது.

"கேட்டியளா அத்தை? நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். யக்கா, நீ சுத்து, நேரமாவுது."

தட்டு என் கையில் இருந்தது. மூன்று சுற்று, ஒரு பொட்டு. இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். இனி என் ஆயுளில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அது அதே கிண்ணத்து நீர் அல்லவா அம்மா? இன்னொரு முறை அதைப் பூசிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கவா?

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போனேன். "மாடத்தி சொல்வது உண்மை அன்று" என்றேன். "அந்தத் துணியில் இருந்தது மஞ்சளும் சுண்ணாம்பும். என் அம்மா பூசினாள். எனக்கு மாதவிலக்கு வந்ததே இல்லை, இனி வரப்போவதும் இல்லை. எனக்குக் கருப்பை கிடையாது. இப்படிப் பிறக்கிற பெண்கள் உண்டு, நான் ஒருத்தி. இதில் நோயும் இல்லை, சாபமும் இல்லை, யாருக்கும் தீட்டும் இல்லை. இந்தப் பிள்ளைக்கு நான் அத்தை. அதற்குச் சாட்சி தேவையில்லை."

பிறகு இனியாவைத்தான் கேட்டேன். வேறு யாரையும் கேட்கவில்லை. "உனக்கு நான் பொட்டு வைக்கலாமா?"

அந்தப் பிள்ளை நெற்றியில் தொங்கிய சுட்டியை ஒரு விரலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள்.

சுற்றினேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் சண்முகத்தாயின் கை வந்து தட்டில் விழுந்தது. நீர் முழுவதும் என் மேல். தட்டு உருண்டு போய் நாதசுரக்காரர் காலடியில் விழுந்தது. "எப்படி வைப்ப இப்போ?" என்பதுபோலச் சண்முகத்தாய் என்னைப் பார்த்தார்.

என் மடி நனைந்திருந்தது. விரலால் அதைத் தொட்டு, பிள்ளையின் நெற்றியில் வைத்தேன். நல்ல வட்டமாக, நடுவில், ஒழுகாமல் வைத்தேன். மருந்து அளந்த கை அல்லவா?

கைதட்டினார்களா? இது என்ன நாடகமா கைதட்ட? பாதிப் பேர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். தம்பி, "எல்லாத்தையும் கெடுத்துட்டியே யக்கா" என்றான். நான் என் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். அங்கே பாத்திரம் கழுவுகிற இடத்தில் மாடத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"சபையில என்னப் பொய்க்காரி ஆக்கிட்டியே தாயி" என்றாள்.

"நீ சொன்னது பொய்தானே?"

"பொய்தான். முப்பத்தஞ்சு வருசமாச் சொல்லுத பொய். வெளுக்கவளுக்கு மஞ்சக் கறையும் ரத்தக் கறையும் தெரியாதா? எடுக்கும்போதே வாசம் வந்துட்டு."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"ஒங்க அம்ம கொளத்தங்கரைக்கு என் பின்னாலயே ஓடி வந்தா. 'நாளைக்கு எம்மவள உரிச்சுப் பாக்க வாராளுவ மாடத்தி, நீ ரத்தம்னு சொன்னாத்தான் அது ரத்தம்'னு சொல்லி என் காலப் புடிச்சுட்டா. ஒங்க சாதியில ஒருத்தி என் காலத் தொட்டது அன்னைக்குத்தான். சாகுத வரைக்கும் சொல்ல மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். நான் காப்பாத்திட்டேன். நீதான் ஒடச்சுப்புட்ட." பிறகு என் சேலையைப் பார்த்தாள். "சோப்பு போட்டுறாத, செவப்பு கூடும். எலுமிச்சம்பழம் தேச்சு வெயில்ல போடு. ஒங்க அம்மைக்கும் அதத்தான் சொன்னேன்."

நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். அவள் மூட்டையை யாரும் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பொய்ச் சாட்சி என்று ஆகிவிட்ட பிறகு யார் அவளை இனி அழைப்பார்கள்? அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உண்மை உண்மைதானே. நீங்களே சொல்லுங்கள்.

ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?

என் அம்மா யார் காலையும் பிடிக்கிறவள் அல்லள். கோயிலில்கூட நிமிர்ந்து நின்றுதான் கும்பிடுவாள். வயதானவர்கள் எதையாவது கலந்து சொல்வார்கள். குளத்தங்கரையாம். அன்று வியாழக்கிழமை மதியம் அம்மா வீட்டில்தான் இருந்தாள். இல்லை, ஒரு மணி நேரம் காணவில்லை. குச்சுக்குள் எனக்குத் தாகமாக இருந்தது, அழைத்தேன், வரவில்லை. பிறகு வந்தாள். முழங்காலில் ஈர மண் இருந்தது. வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

வழுக்கி விழுந்தால் இரண்டு முழங்காலிலுமா மண் இருக்கும்?

இது எந்த ஊர்? சொக்கம்பட்டி போய்விட்டதா? கடையநல்லூரில் எதிர்ப் பேருந்து கிடைக்குமா, உங்களுக்குத் தெரியுமா? நடத்துநரே! ஐயா, ஓர் இறக்கம்! தென்காசிக்குத்தான் சீட்டு எடுத்தேன், அதனால் என்ன? இறங்க வேண்டும் என்றால் இறங்க வேண்டும். மாடத்தியக்கா இந்நேரம் மண்டபத்தை விட்டுக் கிளம்பியிருப்பாள். வீடு குளத்துக்குப் பக்கத்தில்தான், எனக்கு வழி தெரியும்.

ஒன்றுமில்லை அம்மா. குடையை அங்கே மறந்து வைத்துவிட்டேன்.

தெரிகிறது. கையில் இருப்பது குடைதான். என்னுடையதுதான். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள், நான் போக வேண்டும்.